கிரகணத்தில் பிறந்த குதிரை

செங்காங்கில் வடகிழக்குப் பாதை இரயிலேறி நகரை நோக்கி வருவோர், லிட்டில் இந்தியாவுக்கு ஒரு நிலையம் முன்னதாக ஃபேரர் பார்க்கில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ரேஸ் கோர்ஸ் சாலையை அடையலாம். அச்சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. மீன்தலைக் கறியின் மணம் உண்டு. ஞாயிறுதோறும் நம்மவர் கூட்டம் உண்டு. குதிரை மட்டும் இல்லை. பெயரளவில் நின்றுவிட்ட அந்தப் பந்தயத் திடலில் 1843-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் சிங்கப்பூரின் முதற் குதிரைப் பந்தயம் நடந்தது. முந்திய ஆண்டில் வெள்ளைக்கார வணிகர் சிலர் கூடி அமைத்த விளையாட்டுச் சங்கமே அதனை நடத்தியது. பரிசு 150 வெள்ளி.

அத்திடல் பிற்காலத்தில் கண்ட காட்சிகள் பல. 1911-ஆம் ஆண்டு மார்ச் 16-இல் சிங்கப்பூர் வானில் முதன்முதலாகப் பறந்த விமானம் எழும்பியது அங்கிருந்துதான். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-இல், சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவரை ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும், இந்திய தேசிய இராணுவத்தின் வித்து ஊன்றப்பட்டதும் அதே மண்ணில்தான். அதற்குள் குதிரைகள் இடம் மாறிவிட்டன. புக்கிட் தீமாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தையே விலைக்கு வாங்கி, மரங்களை வெட்டிப் புல் விரித்து, 1933-இல் புதிய திடலைத் திறந்தார்கள். 1999-இல் அங்கிருந்தும் புறப்பட்டுக் கிரஞ்சிக்குச் சென்றார்கள். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கிரஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 120 ஹெக்டேர் நிலம் வீடுகள் முதலியவற்றுக்காக அரசுக்குத் திரும்பும் என்று முன்னரே அறிவித்திருந்தார்கள். நூற்றெண்பத்தோராண்டுக் கணக்கு அன்று மூடப்பட்டது.

குதிரைப் பந்தயத்துக்காக நாம் கண்ணீர் வடிப்பதாக நேயர்கள் எண்ணிவிட வேண்டா. சம்பள நாளன்று சட்டைப்பையில் விழுந்த பணம் சனிக்கிழமை மாலைக்குள் பறந்துபோக, திங்கட்கிழமை காலைப் பெரட்டில் வெறுங்கையராய்த் தலைகுனிந்து நின்றவர்களை நாம் தோட்டத்திலும் அறிவோம், நகரத்திலும் அறிவோம். கள்ளுக்கடைக்கும் பந்தயச் சீட்டுக்கும் இடையிலே நம்மவர் இழந்த செல்வத்தைக் கணக்கிட எந்தக் கிராணியாலும் இயலாது. ஆயினும் பந்தயம் வேறு, குதிரை வேறு. குதிரை எந்த நாளும் சீட்டு வாங்கியதில்லை. அதன் வரலாற்றில் நாம் கற்க வேண்டிய செய்தி ஒன்று இருப்பதாலேயே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கிரஞ்சித் திடல் கண்ட குதிரைகளுள் உலகப் புகழ் பெற்றது ராக்கெட் மேன் என்பது. 2011-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் துபாயில் நடந்த கோல்டன் ஷாஹீன் பந்தயத்தில் அது முதலாவதாக வந்தது. முந்திய ஆண்டு அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்த குதிரை அது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் பாட்ரிக் ஷாவிடம் சிங்கப்பூரில் பழகி, துபாயில் வென்ற அந்தக் குதிரையின் தந்தைவழியைப் படிப்படியாக மேலே தேடிக்கொண்டு போனால் இருநூற்றைம்பதாண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஆங்கிலக் குதிரையில் வந்து முடியும். ராக்கெட் மேன் மட்டுமன்று. இன்று உலகில் ஓடும் 'தரோபிரெட்' என்னும் உயர்சாதிப் பந்தயக் குதிரைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தின் தந்தைவழி அதே குதிரையில்தான் சென்று சேர்கிறது. அதன் பெயர் எக்லிப்ஸ். தமிழிற் சொன்னால், கிரகணம்.

1764-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஐரோப்பாவில் வளையச் சூரிய கிரகணம் தோன்றியது. பிரான்சு நாட்டில் நிக்கோல்-ரேன் லெபோத் என்னும் பெண்மணி அதனை முன்கூட்டியே கணித்துப் படமும் வெளியிட்டிருந்தார். அந்நாளில் இங்கிலாந்தின் விண்ட்சர் பூங்காவில் கம்பர்லந்துக் கோமகனின் லாயத்தில் ஒரு குட்டி பிறந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைப் பட்டை, வலப் பின்னங்காலில் முழங்கால் வரை வெள்ளை. பிறந்த வேளையை நினைந்து கிரகணம் என்றே பெயரிட்டனர்.

நம்முடைய சோதிடர் எவரையேனும் அந்த லாயத்துக்கு அழைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை நேயர்கள் எளிதில் ஊகிக்கலாம். கிரகணத்தன்று கருவுற்ற பெண் வெளியே வரலாகாது, காய்கறி நறுக்கலாகாது, அன்று பிறந்த பிள்ளை ஊனமுறும் என்றெல்லாம் நம் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் சிங்கப்பூருக்கு மேலேயே வளையக் கிரகணம் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் கருங்கண்ணாடி அணிந்து நிமிர்ந்து பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது, படித்த குடும்பங்களிலேயே சன்னலுக்குத் திரையிட்டு உள்ளே அடைந்திருந்தோரை நாம் அறிவோம். அவர்களுக்கு இந்தக் குதிரையின் கதையைச் சொல்லியிருக்கலாமே என்று பின்னர் தோன்றியது.

பிறந்த வேளை குதிரைக்கு யாதொரு தீங்கும் செய்யவில்லை. சொந்தக்காரருக்குத்தான் நாள் முடிந்தது. அதற்கும் கிரகணம் காரணமன்று. கோமகன் நெடுநாள் நோயாளி. 1746-இல் ஸ்காட்லாந்தில் கல்லோடன் போரில் வென்று, தோற்றவர்களைக் கொன்று குவித்ததனால் 'கசாப்புக்காரன்' என்று பழிக்கப்பட்டவர். 1765-இல் அவர் இறந்தபின் குதிரைகளெல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஒரு வயதுக் குட்டியாகிய எக்லிப்ஸை வாங்கியவர் பிரபு அல்லர்; லண்டன் சிமித்ஃபீல்டு சந்தையில் ஆடுமாடு விற்கும் வில்லியம் வைல்ட்மன் என்னும் வணிகர். விலை 75 கினி, அதாவது 78 பவுன் 15 ஷில்லிங்கு. அவர் வருவதற்குள் ஏலம் தொடங்கிவிட்டது என்றும், குறித்த நேரத்துக்கு முன் தொடங்கியது முறையன்று எனத் தம் கைக்கடிகாரத்தைக் காட்டி வாதாடி மறுபடியும் ஏலம் விடச் செய்தார் என்றும் ஒரு கதை உண்டு. சந்தையிலே பழகிய மனிதர், செய்திருக்கக் கூடியவர்தாம்.

குட்டி வளர்ந்து முரட்டுக் குதிரையாயிற்று. எவரையும் ஏறவிடாது. அதன் குணம் அடங்க விதையடித்துவிடலாமா என்றுகூட யோசித்தார்களாம். அவ்வாறு செய்திருந்தால் இன்றைய குதிரைப் பந்தய உலகின் வமிசப் பட்டியலே வேறாக இருந்திருக்கும். செய்யவில்லை. முரட்டுக் குதிரைகளைப் பழக்கும் சவாரிக்காரன் ஒருவனிடம் விட்டு, இரவும் பகலும் சலிக்கச் சலிக்க ஓட்டி வழிக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து வயதாகும் வரை பந்தயத்துக்கு அனுப்பவில்லை. அக்காலத்துப் பந்தயம் இக்காலத்தது போன்று ஒன்றரை நிமிட ஓட்டமன்று. நான்கு மைல் ஓடவேண்டும். சற்று இளைப்பாறி அதே நான்கு மைலை அன்றைக்கே இன்னும் ஒரு முறை, தேவையானால் மூன்றாம் முறையும் ஓடவேண்டும். அரசர் பரிசுப் பந்தயங்களில் முதுகில் 168 ராத்தல் சுமை. கன்றுக்குட்டிப் பருவத்துக் குதிரைக்கு அது தாங்காது.

எக்லிப்ஸின் முதற் பந்தயம் 1769-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் எப்சம் என்னும் ஊரில். அதற்குச் சில நாள் முன்னர் விடியற்காலையில் இரகசியமாக ஓர் ஒத்திகை நடந்தது. உளவறிய வந்த பந்தயக்காரர்கள் தாமதித்துவிட்டார்கள். வழியில் ஒரு கிழவியைக் கண்டு, குதிரைகள் ஓடியதைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். அவள், வெள்ளைக் கால் குதிரை ஒன்று பேய்போல் ஓடிற்று, இன்னொன்று வெகு தூரம் பின்னால் வந்தது, உலகத்தின் ஓரம் வரை ஓடினாலும் பின்னது முன்னதைப் பிடிக்காது என்றாளாம். கிழவிக்குப் பந்தயம் தெரியாது, கண் தெரிந்தது.

அன்று ஐந்து குதிரைகள் ஓடின. முதற் சுற்றை எக்லிப்ஸ் எளிதாக வென்றது. அப்போது கூட்டத்திலிருந்த டென்னிஸ் ஓகெல்லி என்னும் அயர்லாந்துக்காரர், இரண்டாம் சுற்றில் எல்லாக் குதிரைகளும் எந்த வரிசையில் வருமெனத் தாம் சொல்லிவிடுவதாகப் பணயம் வைத்தார். சொல் என்றார்கள். எக்லிப்ஸ் முதலிடம், மற்றவற்றுக்கு இடமே இல்லை என்றார். வெற்றிக் குதிரைக்கு 240 கஜத்துக்கு அதிகமாகப் பின்தங்கிய குதிரையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பது அந்நாள் விதி. மூன்று மைல் வரை ஐந்தும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன. பின்பு சவாரி செய்த ஜான் ஓக்லி கடிவாளத்தைத் தளர்த்தினார், சாட்டையைத் தொடவில்லை. எக்லிப்ஸ் எல்லையைக் கடந்தபோது மற்ற நான்கும் அந்த 240 கஜத்துக்கு அப்பால் இருந்தன. ஓகெல்லி சொன்ன சொல் ஆங்கிலத்தில் பழமொழியாகிவிட்டது.

அந்த மே மாதத்துக்கும் 1770-ஆம் ஆண்டு அக்டோபருக்கும் இடையே பதினேழு மாதங்கள். எக்லிப்ஸின் பந்தய வாழ்வு முழுவதும் அவ்வளவே. பதினெட்டுப் பந்தயங்கள், பதினெட்டிலும் வெற்றி, அவற்றுள் பதினொன்று அரசர் பரிசு. 1770-ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூமார்க்கெட்டில் பூசெஃபலஸ் என்னும் பெயர்பெற்ற குதிரை எதிர்த்து நின்று, தன்னால் இயன்ற மட்டும் துரத்திப் பார்த்தது. தோற்றபின் அது பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை என்பர். பல பந்தயங்களில் எதிர்த்து நிற்க எவரும் குதிரை கொண்டுவரவில்லை. எக்லிப்ஸ் தனியே நடந்து வந்து பரிசைப் பெற்றுக்கொண்டது. ஓடி ஓடி இளைத்ததனாலோ கால் முறிந்ததனாலோ அதன் ஓட்டம் நிற்கவில்லை. அதற்கு எதிராகப் பணம் கட்ட ஆளில்லாமற் போயிற்று, ஆகவே நிறுத்தினார்கள். தோல்வியால் முடியும் வாழ்வு நாம் நாளும் காண்பது. வெற்றியே ஒரு வேலையை முடித்துவைத்த செய்தி அரிது.

இதற்குள் ஓகெல்லி வைல்ட்மனிடமிருந்து பாதிப் பங்கை 650 கினிக்கும், மறு பாதியை 1,100 கினிக்கும் வாங்கிவிட்டார். எழுபத்தைந்துக்கு வாங்கியதை ஆயிரத்து எழுநூற்றைம்பதுக்கு விற்ற இறைச்சி வணிகருக்கு நட்டமில்லை. ஆனால் இந்த ஓகெல்லி யார்? இங்கேதான் கதை நமக்கு நெருக்கமாக வருகிறது. அவர் ஏழை அயர்லாந்துக் குடியிற் பிறந்து, பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்து, சீமாட்டிகள் ஏறிச் செல்லும் நாற்காலிப் பல்லக்கைத் தோளில் சுமந்தவர். கடனாளியாய்ச் சிறையிலும் கிடந்தார். அங்கே பழக்கமான சார்லட் ஹேய்ஸ் என்பவள் வெளியே வந்து நடத்திய வீட்டைப் பற்றி இக்குடும்பப் பத்திரிகையில் விரித்தெழுதுவது தகாது. இருவரும் சேர்ந்து பொருள் சேர்த்தார்கள். படையில் பதவியை விலைக்கு வாங்கிக் 'கர்னல்' ஆனார் ஓகெல்லி. உலகிலேயே ஒப்பற்ற குதிரை அவர் லாயத்தில் நின்றது. ஆயினும் பிரபுக்கள் கூடி வைத்திருந்த ஜாக்கி கிளப் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. கடைசி மூச்சு வரை மறுத்தது.

ஓகெல்லியை நல்லொழுக்கத்தின் உருவமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கிளப்பிலிருந்த பிரபுக்கள் சூதாடாதவர்களா, கடன்படாதவர்களா, அந்த வீடுகளின் வாசலை மிதியாதவர்களா? அவர்களும் அதையே செய்தார்கள். பிறப்பு அவர்களைக் காப்பாற்றியது. பல்லக்கில் அமர்ந்தவன் செய்தால் விளையாட்டு, பல்லக்கைத் தூக்கியவன் செய்தால் குற்றம். ஓகெல்லி 1787-இல் இறந்தார். நாற்பத்தைந்தாண்டு கழித்து, 1832-இல், நான்காம் வில்லியம் மன்னர் எக்லிப்ஸின் குளம்பு ஒன்றைப் பொன்னில் பதித்து அதே ஜாக்கி கிளப்புக்குப் பரிசளித்தார். அவர்கள் அதனைப் பெருமையுடன் ஏற்றுக்கொண்டார்கள். சொந்தக்காரனுக்குத் திறவாத கதவு, செத்த குதிரையின் குளம்புக்குத் திறந்தது. இதைப் படித்தபோது நம்மூர்க் கோயிற் கதவுகள் நமக்கு நினைவு வந்தன. நேயர்களுக்கும் வரக்கூடும்.

இனி அந்த 'உயர்ந்த இரத்தம்' என்பதைச் சற்று ஆராய்வோம். உயர்சாதிக் குதிரைகளின் வமிசத்தைப் பதியும் பேரேடு ஒன்று 1791-இல் லண்டனில் தொடங்கிற்று. அதன் பெயர் ஜெனரல் ஸ்டட் புக். தொகுத்தவர் ஜேம்ஸ் வெதர்பி. அதில் தாய் தந்தையர் பெயர் ஏறாத குதிரை எவ்வளவு வேகமாக ஓடினும் தரோபிரெட் ஆகாது. நாளும் செக்ரோல் எழுதும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. பேர் பதிந்தவனுக்கே கூலி. ஆனால் எழுதும் கை தவறக்கூடும் என்பதும் நமக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எக்லிப்ஸின் பதிவையே எடுத்துக்கொள்வோம். 1704-இல் அலெப்போ நகரிலிருந்து யார்க்ஷயருக்கு வந்த டார்லி அரேபியன் என்னும் குதிரையின் மகன் பார்ட்லெட்ஸ் சில்டர்ஸ். அதன் மகன் ஸ்குவர்ட். அதன் மகன் மார்ஸ்க். அதன் மகன் எக்லிப்ஸ். ஏட்டில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எக்லிப்ஸ் வெல்லத் தொடங்கியதும், அதன் தந்தை மார்ஸ்க் அன்று, ஷேக்ஸ்பியர் என்னும் வேறொரு குதிரை என்று சிலர் கிளம்பினர். வைல்ட்மன் லாயத்துப் பணியாளிடம் அத்தாட்சிப் பத்திரம் வாங்கிக் காட்டவேண்டியதாயிற்று. அந்த மார்ஸ்க்கின் கதையும் வேடிக்கை. கோமகன் இறந்தபின் மதிப்பார் இல்லாமல் அற்ப விலைக்கு ஒரு குடியானவனிடம் போய்ச் சேர்ந்தது. மகன் ஓடத் தொடங்கியதும் அதைத் தேடிப் பிடித்து 20 கினிக்கு வாங்கினார் வைல்ட்மன். பின்னர் ஆபிங்டன் பிரபு கொடுத்த விலை ஆயிரம் கினி. இங்கே தந்தையால் மகன் பெருமை பெறவில்லை. மகன் ஓடிய ஓட்டத்தால் தந்தைக்கு இரத்தம் உயர்ந்தது!

எக்லிப்ஸின் மைந்தருள் இன்றைய வமிசத்துக்கு முக்கியமானது 1773-இல் பிறந்த ஒன்று. அதற்கு உருளைக்கிழங்கு என்னும் பொருளுடைய 'பொட்டேட்டோஸ்' என்ற பெயரைத் தீவனப் பெட்டியில் எழுதச் சொன்னார்களாம். லாயத்துப் பையன் அரைகுறையாகப் படித்தவன். 'பாட்' என்று எழுதி, அதன் பின் ஆங்கில 'ஓ' எழுத்தை எட்டு முறை வரிசையாக இட்டான். எட்டுக்கு ஆங்கிலம் 'எய்ட்' அல்லவா? பாட்-எய்ட்-ஓஸ்! எசமானர் சிரித்து அதையே பெயராக வைத்துவிட்டார். ராக்கெட் மேன் உட்பட இன்றைய பெருங்குதிரைகளில் மிகப் பலவற்றின் வமிசப் பட்டியலில் அந்த எட்டு ஓக்களும் ஏறியிருக்கின்றன. எழுதியவன் பெயர் இல்லை.

அரேபியக் குதிரைக்கு ஆசைப்பட்டோர் ஆங்கிலேயர் மட்டுமல்லர். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அங்குள்ள மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். லாடம் அடிப்போர் இல்லை; குதிரை வைத்தியம் அறிந்தோர் இல்லை; அத்தகையோர் அங்கு வந்துவிடாமல் விற்கும் வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம், அடுத்த ஆண்டும் விற்கவேண்டுமே! கொற்கைக்கும் காயலுக்கும் வந்திறங்கிய குதிரைகளில் எத்தனை டார்லி அரேபியன்கள் இருந்தனவோ. அவற்றைப் பேணும் அறிவு கப்பலில் வரவில்லை. அதனைத் தேடிச் சென்று கற்கவும் நம்மவர் முயலவில்லை. ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து நிறுத்துவதில் மட்டும் நாம் எவருக்கும் பின்வாங்கியதில்லை.

தூய அரேபிய இரத்தம் என்னும் பெருமைக்கு நம் காலத்தில் விஞ்ஞானிகள் ஊசி குத்திவிட்டார்கள். ஏட்டிலுள்ள தாய்வழிகளைக் குதிரைகளின் மரபணுவோடு ஒப்பிட்டவர்கள், பல இடங்களில் ஏடு ஒன்று சொல்ல உடல் வேறொன்று சொல்வதைக் கண்டார்கள். 2012-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மிம் பவர், டப்ளினைச் சேர்ந்த எம்மலீன் ஹில் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி அதனினும் சுவையானது. குறுகிய தூரத்தை மின்னல்போற் கடக்கும் வேகத்தைத் தருவது மயோஸ்டாட்டின் என்னும் மரபணுவின் ஒரு வடிவம். அது தரோபிரெட் இனத்துக்குள் ஒரே ஒரு முறை, முந்நூறாண்டுகளுக்கு முன்னர், ஒரு பெண் குதிரையின் வாயிலாக நுழைந்திருக்கிறது. அப்பெண் குதிரை அரேபியாவிலிருந்து வந்ததன்று. பெரும்பாலும் பிரிட்டிஷ் தீவுகளின் நாட்டுக் குதிரை என்று கருதுகிறார்கள். அதன் பெயரும் எந்த ஏட்டிலும் துலங்கவில்லை. அரேபியத் தந்தையர் மூவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்து வைத்தார்கள். வேகத்தைக் கொடுத்த தாய் வண்டியிழுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவளோ என்னவோ.

எக்லிப்ஸ் ஓட்டத்தை நிறுத்திய பின் எப்சத்துக்கு அருகில் கிளே ஹில் என்னுமிடத்தில் பொலிகுதிரையாக வாழ்ந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிக் குதிரைகளுக்குத் தந்தையாயிற்று. 1780-இல் தொடங்கிய டெர்பி பந்தயத்தின் முதல் ஐந்தாண்டில் மூன்று முறை வென்றவை அதன் மக்களே. வயது முதிர்ந்து கால் தளர்ந்தபோது, லண்டனுக்கு வடக்கிலுள்ள கேனன்ஸ் மாளிகைக்கு அதனை நடத்திச் செல்ல முடியாமல், குதிரைகள் இழுக்கும் வண்டி ஒன்று செய்து அதிலேற்றிக் கொண்டுபோனார்கள். குதிரைகளால் இழுக்கப்பட்டுச் சவாரி செய்த குதிரை! 1789-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-இல் வயிற்று நோயால் இறந்தது.

இறந்த உடலை அறுத்து ஆராய்ந்தவர் சேன்பெல் என்னும் பிரெஞ்சு மருத்துவர். நெஞ்சின் எடை 14 ராத்தல் என்று சொல்லப்படுகிறது. சாதாரணப் பந்தயக் குதிரைக்கு ஒன்பது ராத்தலை ஒட்டியிருக்கும். எலும்புகளை அளந்து அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. 1791-இல் லண்டனில் முதல் மிருக வைத்தியக் கல்லூரி ஏற்பட்டபோது அவரே அதன் தலைமை ஆசிரியரானார். எக்லிப்ஸின் எலும்புக்கூடு என்று போற்றப்படுவது இன்றும் அக்கல்லூரியின் வழிவந்த ராயல் வெட்டரினரி கல்லூரியில் நிற்கிறது. பதினேழு மாத ஓட்டத்தால் பணம் பெற்றோர் பலர் மறைந்தனர். குதிரையின் நோயைக் கண்டு மருந்து சொல்லும் படிப்புக்கு அந்த எலும்புகள் இன்னும் பயன்படுகின்றன. பாண்டி நாட்டுக்குக் கப்பலேறி வராத படிப்பு இதுவே.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். ஃபேரர் பார்க்கில் ஓடிய குதிரைகள் பலவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டித் தீவனமிட்டு விடியுமுன் நடத்திச் சென்றவர்கள் சைஸ் என்னும் குதிரைக்காரர்கள். கம்போங் கப்போர்ப் பக்கம் குடியிருந்த பாவியன் தீவு மக்களும் அவர்களுள் இருந்தனர், இந்தியரும் இருந்தனர். அந்தச் சொல்லே அரபு நாட்டிலிருந்து இந்துஸ்தானி வழியாக மலாயாவுக்கு வந்து, பின்னர் மோட்டார் ஓட்டுபவருக்கும் பெயராயிற்று. குதிரை நின்ற இடத்துக்குத் தமிழில் லாயம் என்று பெயர். நம் முன்னோர் தோட்டங்களில் குடியிருந்த வரிசை வீட்டுக்கு, 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் திரித்து, லயம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு கால் மட்டுமே வேறுபாடு. ஆனால் லாயத்தில் குதிரைக்கு ஒரு கூடம், வைக்கோல் மெத்தை, காற்றோட்டம், நோய் வந்தால் வைத்தியர். லயத்தில் ஒரு குடும்பம் முழுமைக்கும் ஓர் அறை, ஒரு தாழ்வாரம். குதிரைக்கு வமிசப் பத்திரம் பத்துத் தலைமுறைக்கு உண்டு. லயத்தில் பிறந்த நம் பெற்றோர் பலருக்குப் பிறப்புப் பத்திரமே இல்லாமல், பின்னாளில் குடியுரிமைக்கு அலைந்த அலைச்சலை நாம் எழுதித்தான் நேயர்கள் அறியவேண்டும் என்பதில்லை. குதிரைக்குக் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஏட்டில் எதை எழுதவேண்டும், எதை எழுத வேண்டா என்று முடிவு செய்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறோம்.

ராக்கெட் மேன் துபாயில் வென்ற இரண்டு மாதத்துக்குள், 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில், கிரஞ்சியில் நடந்த கிரிஸ்ஃபிளையர் அனைத்துலக விரைவோட்டத்திலும் வென்றது. 2009-இல் ஹாங்காங்குக் குதிரையாகிய சேக்ரட் கிங்டத்திடமும், 2010-இல் அதே ஊர்க் குதிரையாகிய கிரீன் பேர்டியிடமும் சொந்தத் திடலிலேயே அப்பந்தயத்தைத் தோற்றிருந்தது. மூன்றாம் முறை விடவில்லை. அன்று கிரஞ்சியில் எழுந்த ஆரவாரத்தில் சீட்டு வாங்கினவர் குரலும் இருந்தது, வாங்காதவர் குரலும் இருந்தது.

ஆனால் ராக்கெட் மேன் விதையடிக்கப்பட்ட குதிரை. எக்லிப்ஸுக்குச் செய்யலாமா என்று யோசித்து விட்டுவிட்டதை இதற்குச் செய்துவிட்டார்கள். டார்லி அரேபியனிலிருந்து எக்லிப்ஸ், எக்லிப்ஸிலிருந்து எட்டு ஓக்கள், அங்கிருந்து தலைமுறை தலைமுறையாய் இறங்கிவந்த அந்தக் கிளை சிங்கப்பூரின் ஒப்பற்ற குதிரையோடு நின்றது. ஏட்டில் அதன் பெயருக்கு மேலே இருநூற்றைம்பதாண்டுப் பெயர்கள் இருக்கின்றன. கீழே வெற்றுத் தாள். கிரஞ்சி மூடியபின் எஞ்சியிருந்த குதிரைகளும் பத்திரங்களோடு பல நாடுகளுக்குப் பிரிந்து சென்றன. அவற்றைத் தேய்த்து வளர்த்த சைஸ்மார் வேறு வேலை தேடிப் போனார்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் வழக்கம்போல் கடைகள் திறந்திருக்கின்றன.